பஞ்சில் ஒட்டாத மஞ்சள்

அத்தியாயம் 17

போன வாரம் ஹீரோவின் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்து, எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டுப் போனது. அங்கிருந்தே தொடங்குவோம். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை மட்டும்.

ஹீரோ பஸ் டிரைவர். அது பணிமனையில் கூப்பிட்டுப் பழகிய பெயர். வண்டியில் ஏறியதும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தலை வாரிக்கொள்வார். அதன் பிறகுதான் அது ரோட்டைப் பார்க்கும். இப்போது அவருக்குக் கணையத்தில் கட்டி. அது பித்தம் போகிற வழியை அடைத்துக்கொண்டதில் ஆள் உச்சி முதல் பாதம் வரை மஞ்சளாகிவிட்டார். அவருடைய மனைவி கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். தெருவில் எல்லோருக்கும் அவள் மேக்கப்காரிதான்.

அரசாங்கத்தின் இயலாமை உதவிக்கு விண்ணப்பித்திருந்தார்கள். அது கிடைத்தால் நர்ஸ் வீட்டுக்கே வருவார், வலிக்கான ஊசியை வீட்டிலேயே போடுவார். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு ஊசிக்கும் இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்க வேண்டும். ஹீரோவுக்கு வலி வந்தால் தலையணையைக் கடிப்பார். உறை மாற்றும்போது மேக்கப்காரி அந்தப் பல் தடங்களைப் பார்த்திருக்கிறாள்.

முதல் பரிசோதனைக்குப் போன அன்று அவர் அடம் பிடித்தார். இந்த மூஞ்சியோடு வெளியே வரமாட்டேன் என்றார். அவளும் மனசு கேட்காமல் பெட்டியைத் திறந்தாள். மஞ்சளை அடக்குவதற்கு அடியில் ஊதா க்ரீம், அதற்கு மேல் தோல் நிறத்துப் பூச்சு, கன்னத்தில் தெரிந்தும் தெரியாமலும் கொஞ்சம் சிவப்பு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. பரிசோதித்த டாக்டருக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லத் தோன்றவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை. ‘முகத்தோற்றம் ஆரோக்கியமாக உள்ளது, தன்னைத்தானே நன்கு பேணிக்கொள்கிறார், இலகுவான வேலைக்குத் தகுதியானவர்’ என்று எழுதிக் கையைக் கழுவிவிட்டார்.

மேக்கப்காரி மேல்முறையீடு செய்தாள். அதில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: நான் அலங்காரத் தொழில் செய்கிறவள், அன்று என் கணவருடைய முகத்தில் பூச்சு போட்டது நான்தான். அதற்குத்தான் போன வாரம் பதில் வந்தது. இன்று மறுவிசாரணை. விண்ணப்பதாரர் ‘இயற்கையான தோற்றத்தில்’ ஆஜராக வேண்டுமாம்.

இன்னும் ஒன்று பாக்கி. ஆஸ்பத்திரி டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மூன்று மாதம் தாண்டாது என்று சொல்லியிருந்தார். அது அவளுக்கும் நாத்தனாருக்கும் மட்டும் தெரியும். ஹீரோவிடம், உடம்பு கொஞ்சம் தேறட்டும், ஆபரேஷன் செய்துவிடலாம் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

இனி இன்றைய காலைக்கு வருவோம்.

*

நாத்தனார் செருப்பைக் கழற்றும்போதே கேள்வியோடு வந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள் அவள். வாயில் குண்டூசி இருக்கும்வரைதான் ஊருக்கு நிம்மதி.

"தம்பி குளிச்சுட்டானா?"

"இல்ல அண்ணி. வெந்நீர் வச்சிருக்கேன்."

"அடுப்பை அணை. குளிக்கவும் வேண்டாம், ஷேவும் வேண்டாம். நேத்துப் போட்ட சட்டையே இருக்கட்டும்."

"குளிக்காம எப்படி அண்ணி? உடம்பெல்லாம் அரிக்குதுன்னு விடிஞ்சதிலேருந்து சொறிஞ்சுட்டே இருக்காரு."

"சொறியட்டும். அங்க போயும் சொறியட்டும். அந்த டாக்டர் அதையும் பாக்கட்டும்."

உள்ளேயிருந்து ஹீரோவின் குரல் வந்தது. "என்னக்கா, என்னை வச்சு நாடகம் போடறியா?"

"போன தடவை போட்டதுதான்டா நாடகம். வேஷம் கட்டிவிட்டது உன் பொண்டாட்டி. நான் திரையை இறக்கத்தான் வந்திருக்கேன்."

மேக்கப்காரிக்குச் சுருக்கென்றது. நாத்தனார் இந்த வார்த்தையைச் சொல்வது முதல் தடவை இல்லை. அதில் பொய்யும் இல்லை என்பதுதான் அவளால் விழுங்க முடியாத விஷயம். மேல்முறையீட்டில் உண்மையை எழுதியதற்கும் திட்டு விழுந்திருந்தது. உண்மையை எழுதச் சொல்லி உன்னை யார் கேட்டார்கள் என்று நாத்தனார் அன்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனாலும் அடுப்பை அணைக்கவில்லை. வெந்நீரை எடுத்துக்கொண்டு உள்ளே போய், துண்டை நனைத்து அவர் முதுகைத் துடைத்தாள். சொறிந்த இடமெல்லாம் கோடு கோடாகச் சிவந்திருந்தது. ஹீரோ கண்ணை மூடிக்கொண்டு சுகமாக முனகினார்.

"ஷேவ்?"

"வேண்டாங்க. அண்ணி சொல்றதும் சரிதான்."

"தலையாவது வாரிக்கலாமா? இல்ல அதுக்கும் தடையா?"

சீப்பை எடுத்துக் கொடுத்தாள். அவர் வாரும்போது அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு முகம்தான் சோறு போடுகிறது. எந்தக் கன்னத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும், எந்தக் கருவளையத்தை மறைக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். இன்று அதே கண்ணால், இந்த மஞ்சள் போதுமா என்று அளந்துகொண்டிருந்தாள். சன்னலோரம் வைத்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். இன்னும் சற்றுத் தூக்கலாக இருந்தால் தேவலை என்று ஒரு கணம் ஆசைப்பட்டும்விட்டாள்.

ஆசைப்பட்டதும் தன் மேலேயே அருவருப்பாக வந்தது. துண்டை வாளியில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றாள்.

*

விசாரணை அலுவலகத்துக்கு எதிரே நகல் எடுக்கும் கடை இருந்தது. அதை ஒட்டி இன்னொரு கடை. வாசலில் சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களும் கழுத்துப் பட்டைகளும் வரிசையாக இருந்தன. எல்லாம் வாடகைக்கு, விசாரணை முடியும்வரை. டாக்ஸி நின்றதுமே கடைக்காரர் ஓடி வந்தார்.

"நாற்காலி வேணுமாம்மா? புதுசும் இருக்கு, பழசும் இருக்கு. பழசுதான் நல்லா எடுபடும்."

"எடுபடும்னா?" என்றாள் மேக்கப்காரி.

"உள்ள இருக்கறவங்க பாப்பாங்க இல்ல. பளபளன்னு இருந்தா வாடகைன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. துருப்பிடிச்சதுல உக்கார வச்சா ஒரு கேள்வி குறையும்."

அவர் ரொம்ப நேர்மையாகத்தான் சொன்னார், கத்தரிக்காய் பொறுக்கிக் கொடுக்கிறவர் போல. அந்தத் தெருவில் இப்படி ஒரு கடை ஓடுகிறது என்றால், தினமும் எத்தனை பேர் உள்ளே போய் நிஜ நோயை நடித்துக் காட்டிவிட்டு வருகிறார்கள்?

ஹீரோ நடக்கிறேன் என்றார். நாலு எட்டு வைத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பழைய நாற்காலியையே எடுத்தார்கள்.

விசாரணை அறை மூன்றாம் மாடியில். லிஃப்ட் இருந்தது. அதற்குள் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"இதைக் கொஞ்சம் எடுத்து வைக்க முடியாதா?" என்று வாசலில் இருந்த பியூனிடம் நாத்தனார் கேட்டாள்.

"அதெல்லாம் முடிஞ்ச கேஸ்மா. கலைக்கக் கூடாது."

"அப்ப டாக்டரைக் கீழ வந்து பாக்கச் சொல்லுங்க."

"டாக்டர் சாப்பாட்டுக்குத்தான் கீழ வருவாரு."

"நாங்க மாடி ஏறலன்னா?"

"ஆஜர் ஆகலன்னு எழுதுவாங்க."

"ஏறிட்டா?"

எத்தனையோ பேர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். பியூன் தோளைக் குலுக்கிவிட்டுத் தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கட்டடத்தில் அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

ஹீரோவைப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றினார்கள். முன்பக்கம் நாத்தனாரும் பின்பக்கம் மேக்கப்காரியுமாகத் தூக்கினார்கள். வருஷக்கணக்கில் ஏட்டிக்குப் போட்டி பேசியே பழகிய இரண்டு பேரும், முதல் மாடித் திருப்பத்தில் வாயைத் திறக்காமலே ஒரே நேரத்தில் இறக்கி வைத்து, ஒரே நேரத்தில் மறுபடி தூக்கினார்கள்.

"நல்லா எடை குறைஞ்சிருக்கேன் இல்ல?" என்றார் ஹீரோ. "போன வருஷமா இருந்தா இந்தப் படிக்கட்டுலயே உங்க ரெண்டு பேருக்கும் சங்குதான்."

"பேசாம உக்காருடா. சிரிச்சுட்டே உள்ள போய்த் தொலைக்காத. சிரிக்கத் தெம்பிருக்குன்னு எழுதிடுவானுங்க" என்றாள் நாத்தனார் மூச்சு வாங்கிக்கொண்டு.

*

அறையில் நீள மேசை. நடுவில் குழுத் தலைவி, மெல்லிய ஸ்வெட்டர் போட்டவர், குரலும் அதே போல மெத்தென்று இருந்தது. அவருக்கு வலப்பக்கம் அதே டாக்டர். ஓரத்தில் ஒரு டைப்பிஸ்ட், தலைக்கு மேல் கடகடவென்று ஆடும் மின்விசிறி.

டாக்டர் மேல்முறையீட்டுக் காகிதத்தைப் புரட்டினார். வாயில் எதையோ சப்பிக்கொண்டிருந்தார். புதினா மிட்டாயாக இருக்க வேண்டும், வாசனை மேசை தாண்டி வந்தது.

"இதுல மனைவி யாரு?"

"நான்தான் டாக்டர்."

"மேக்கப் ஆர்ட்டிஸ்ட்."

"ஆமாங்க."

"போன தடவை மேக்கப் போட்டு ஆரோக்கியமா காட்டினீங்க. இந்தத் தடவை மேக்கப் போட்டு நோயாளியா காட்டலன்னு நாங்க எப்படி நம்பறது?"

அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரி ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாம் வச்சிருக்கேங்க டாக்டர். எல்லாத்துலயும் இருக்கு."

"ஆஸ்பத்திரி பேப்பர் ஆஸ்பத்திரிக்கு. இங்க எங்க கண்ணு பாக்கணும்." டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். "அந்தப் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுங்க."

பஞ்சு வந்தது. ஸ்பிரிட்டில் நனைத்து, ஹீரோவின் வலது கன்னத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தார். தேய்த்த பஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெள்ளையாக இருந்தது. திருப்பிப் பார்த்தார். இன்னொரு பஞ்சை எடுத்து இடது கன்னத்தைத் தேய்த்தார், இந்தத் தடவை இன்னும் பலமாக. பிறகு நெற்றியை. மழிக்காத தாடியில் பஞ்சு இழை இழையாக மாட்டிக்கொண்டது.

ஒரு முகத்தைத் துடைப்பதற்கு முறை இருக்கிறது. மோவாய்க்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து, கீழிருந்து மேலாக, கண்ணோரம் வரும்போது விரலைத் தளர்த்திவிட வேண்டும். இவளிடம் தொழில் கற்றுக்கொண்ட பெண்கள் முதல் நாளே அதைத் தெரிந்துகொள்வார்கள். இந்த ஆள் டீக்கடை மேசையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டிருந்தார். படித்துப் பட்டம் வாங்கிய கை. சீ என்று வந்தது மேக்கப்காரிக்கு. அந்தக் கையைப் பார்க்கவே கூசியது.

ஹீரோ கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஸ்பிரிட் எரிச்சலில் கண்ணோரம் நீர் கோத்தது.

"காதுக்குப் பின்னாடியும் பாத்துடுங்க டாக்டர்" என்றார். "இவ வேலை சுத்தமா இருக்கும். அங்கேயும் விட்டிருக்கமாட்டா."

டாக்டர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. காதை மடக்கிப் பின்னாலும் துடைத்தார்.

மேக்கப்காரியால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. முன்னால் போய், ஹீரோவின் கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்தாள். வெள்ளை விழி முழுவதும் மஞ்சளாகக் கிடந்தது.

"இதைப் பாருங்க டாக்டர். முழியில பூசறதுக்கு எந்தக் கடையிலயும் எதுவும் விக்கறதில்ல."

"எனக்குச் சொல்லிக்குடுக்க வேண்டாம்மா. சொட்டு மருந்துலயே கண்ணு நிறம் மாத்தறாங்கன்னு நான் படிச்சிருக்கேன்." ஆனாலும் குனிந்து பார்த்தார். அப்புறம் எழுதிக்கொண்டார். அழுக்கில்லாத பஞ்சுகளையெல்லாம் சேர்த்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"உண்மையான மஞ்சள்தான் மேடம்."

நாத்தனார் அவ்வளவு நேரமும் சுவரோரம் நின்றாள். இப்போது முந்தானையால் தம்பியின் தாடியில் ஒட்டிய பஞ்சு இழைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

*

குழுத் தலைவி புன்னகை செய்தார். "வாழ்த்துகள். விண்ணப்பத்தை ஏத்துக்கிட்டோம்."

மேக்கப்காரி மேசையருகே போனாள். "நர்ஸ் எப்ப வருவாங்க மேடம்?"

"இது நிரந்தர இயலாமைக்கான உதவி. நிரந்தரம்தானான்னு உறுதி பண்ண ஆறு மாசக் காத்திருப்பு உண்டு. ஆறு மாசம் முடிஞ்சதும் இவரை நேர்ல கூட்டிட்டு வந்து காட்டுங்க. அதுக்கு அடுத்த மாசத்திலேருந்து நர்ஸ் வருவாங்க."

மேக்கப்காரி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

"அதுக்கு முன்னாடி... வழி எதுவும் இல்லையா மேடம்?"

"இருக்கே. குணமாகாது, காலம் குறைவுன்னு தெரிஞ்ச கேஸுக்குத் தனிப்பிரிவு இருக்கு. அதுல காத்திருப்பு கிடையாது. ஆனா உங்க விண்ணப்பத்துல அந்தக் கட்டம் காலியா இருக்கு."

காலியாக விட்டது அவள்தான். கையெழுத்துப் போட வேண்டியவர் ஹீரோ. எதிலும் வரி விடாமல் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அதனால் அந்தக் கட்டத்தின் மேல் பேனாவே படாமல் பார்த்துக்கொண்டாள். வீட்டில் இருந்த பொய்யைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்று நிம்மதியாகக்கூட இருந்தது.

"இப்ப எழுதித் தரட்டுமா மேடம்?"

"எழுதிக் குடுக்கற கெடு முடிஞ்சுபோச்சு. இனிமே வாய்மொழிதான். இங்கயே சொன்னா பதிவு பண்ணிக்குவோம்."

"கொஞ்சம் தனியா பேசலாமா?"

"விண்ணப்பதாரர் முன்னாடிதான் சொல்லணும். விதி அப்படி."

நாத்தனார் குறுக்கே பாய்ந்தாள். "தம்பி, புழுக்கமா இருக்கு பார். வா, கொஞ்சம் வெளிய காத்தாட உக்காரலாம்."

"அவர் வெளிய போயிட்டா விசாரணை முடிஞ்சதா ஆயிடும்" என்றார் தலைவி, அதே மெத்தென்ற குரலில்.

இவ்வளவுதான் விஷயம். ஒரு மனுஷனுக்கு வலி குறைய வேண்டுமென்றால், அவன் சாகப்போகிறான் என்பதை அவன் காதில் விழும்படி அவன் மனைவி, முன்பின் தெரியாதவர்கள் நடுவில், டைப் அடிக்கத் தோதாகச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு விதியை யாரோ ஓர் ஆள் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். எழுதி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டும் இருப்பார்.

ஹீரோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்லணுமோ சொல்லேன். எனக்கு முதுகு விட்டுப்போகுது."

மேக்கப்காரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கே பார்த்தால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். டாக்டரின் மேசையில் இருந்த ஸ்பிரிட் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இவருக்கு... மூணு மாசம் தாண்டாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டைப்பிஸ்டின் விரல்கள் நின்றன. "மேடம், ஃபேன் சத்தத்துல சரியா கேக்கல. இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

மேக்கப்காரி வாயைத் திறந்தாள். காற்று மட்டும்தான் வந்தது. தலைவி பேனாவைப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். டாக்டர் மிட்டாயைக் கன்னத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார்.

"அவளை விடுங்க. நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்றார் ஹீரோ.

டைப்பிஸ்ட் பக்கம் முகத்தைத் திருப்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"விண்ணப்பதாரருக்கு... மூணு மாசம் தாண்டாது. எழுதியாச்சா? ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. மனைவிகிட்ட. அதையும் சேத்துக்குங்க, மனைவிகிட்ட சொன்னாங்க. அவ்வளவுதான்."

அந்த வரிகளை டைப் அடித்து முடிக்கிற சத்தம் கேட்டு அடங்கியது.

"நன்றி" என்றார் தலைவி. "ரொம்பத் தெளிவா சொன்னீங்க."

*

உத்தரவின் நகல் வாங்க நாத்தனார் மேலேயே இருந்துகொண்டாள். பியூனும் நாற்காலிக் கடைக்காரரும் கைகொடுத்து ஹீரோவைக் கீழே இறக்கினார்கள். வாசல் நடையில், துருப்பிடித்த சக்கர நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுவரில் சாய்ந்து மேக்கப்காரி நின்றாள்.

"எப்பச் சொன்னாங்க?" என்றார் ஹீரோ.

"பித்தத்துக்குக் குழாய் வச்சும் சரிவராம வீட்டுக்கு அனுப்பினாங்களே, அன்னிக்கு."

அவர் யோசித்தார். "அன்னிக்குச் சாயங்காலம்தானே, சமையல்கட்டுக் குழாய் ஒழுகுதுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, ஒரு வாஷர் வாங்கி வைக்க வக்கில்லன்னு என்னை அந்தக் கிழி கிழிச்ச?"

"ஆமா."

"தெரிஞ்சுட்டேதான் திட்டினியா?"

"ஆமாங்க." அழுகை உடைந்துகொண்டு வந்தது. "திட்டலன்னா நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க."

ஹீரோ சிரித்தார். சிரிப்பில் வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. வலி போகும்வரை அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"உள்ள வச்சு எனக்குத் தெரியப்படுத்திட்டாங்களேன்னு அழாத" என்றார். "ஆபரேஷன் ஆபரேஷன்னு சொன்னீங்களே தவிர, ஒருத்தராவது தேதி சொன்னீங்களா? எனக்கு உள்ளூரச் சந்தேகம் இருந்துச்சு. ஆனா மூணுன்னு நினைக்கல. கொஞ்சம் கூடத்தான் கணக்கு வச்சிருந்தேன்."

அவர் கன்னத்தில் ஸ்பிரிட் தேய்த்த இடம் தோல் உரிந்து திட்டாகச் சிவந்திருந்தது. மேக்கப்காரி தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார் கையில் காகிதத்தோடு இறங்கி வந்தாள். ஊசி குத்தினாலும் ஐயோ என்று சொல்லாதவள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்ன அண்ணி? தனிப்பிரிவுல போட்டுட்டாங்களா?"

"நீயே படி. என் வாயால படிக்கமாட்டேன்."

மேக்கப்காரி வாங்கிப் படித்தாள்.

‘விண்ணப்பதாரர் தடையற்ற பேச்சுடனும் நல்ல நினைவாற்றலுடனும் தம் நிலையைத் தாமே எடுத்துரைத்தார். ஆயுள் குறித்த தகவலை அமைதியாக ஏற்கும் மனவலிமை உடையவர். தொலைபேசி வழியாகச் செய்யக்கூடிய பணிக்கு இவர் ஏற்றவரா என்று வேலைத்தகுதிப் பிரிவின் கருத்து கோரப்படுகிறது. அதுவரை தனிப்பிரிவுக் கோரிக்கை நிறுத்தி வைக்கப்படுகிறது.’

மறுபடியும் படித்தாள். எழுத்துகள் மாறவில்லை. அவளால் சொல்ல முடியாமல் போனதை அவர் வாங்கிக்கொண்டு சொன்னாரே, அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வாய் திக்கியிருந்தால் நர்ஸ் வந்திருப்பார்.

நடையோரக் குழாயடிக்குப் போய்க் குனிந்தாள். முகத்தைக் கழுவித் துடைத்தாள். காகிதத்தை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு படியை நோக்கி நடந்தாள்.

"எங்க போற?" என்றார் ஹீரோ.

"மேல."

"போய் என்ன சொல்லப்போற?"

"தெரியல."

அவள் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர் நாத்தனாரிடம் திரும்பினார்.

"கூடப் போக்கா. அவளுக்கு என்னைத் திட்டத்தான் தெரியும். வெளியாளைத் திட்டிப் பழக்கமில்ல."

"உன்னைத் தனியா விட்டுட்டா?"

"நான் எங்க ஓடிடப் போறேன்? நாற்காலிக்கு வாடகை இன்னும் குடுக்கல, கடைக்காரரே கண்ணு வச்சுக்குவாரு."

நாத்தனார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டிரண்டு படியாக ஏறினாள். மூன்றாம் மாடியில் தம்பி மனைவியை எட்டிப் பிடித்துவிட்டாள். விசாரணை அறைக் கதவு சாத்தியிருந்தது. ‘இடைவேளை’ என்று பலகை தொங்கியது. உள்ளே கரண்டிகளும் தட்டுகளும் உரசும் சத்தம். சாப்பாட்டுக்குக் கீழே வருவார் என்று பியூன் சொன்ன டாக்டர் உள்ளேயே எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தட்டு" என்றாள் நாத்தனார்.

மேக்கப்காரி தட்டவில்லை. கதவைத் தள்ளித் திறந்தாள்.